யாருடைய இன்ஜின்

வெர்னா கடையில் முட்டை வாங்கினால் அட்டைப்பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்ப்பாள். கடைக்காரன் முகம் சுளித்தாலும் கவலைப்பட மாட்டாள். தபால்காரர் சிரித்துக்கொண்டே வந்தால், இன்றைக்கு என்னவோ இருக்கிறது என்று தபால்பெட்டிக்குப் போவதற்கு முன்பே முடிவு கட்டிவிடுவாள். அவளுடைய அப்பா ஆர்வில், கென்டக்கி மலைச் சுரங்கத்தில் நிலக்கரி வெட்டியவர். வெட்டிய கரியை எடை போட்ட சுரங்கத்து ஆள், தராசுக்கு அடியில் கட்டைவிரலை வைத்துக்கொண்டே ஒரு தலைமுறையை ஏமாற்றினான். அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த பெண்ணுக்கு எதையும் அப்படியே நம்பிவிட எங்கிருந்து மனம் வரும்?

சுரங்கத்தில் வேலை குறைந்ததும் ஆர்வில் குடும்பத்தோடு வடக்கே மிச்சிகனுக்கு வந்தார். டெட்ராய்ட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி மார்லோ என்ற ஊர். ஊரில் பாதிப் பேருக்கு கால்டர் கார் தொழிற்சாலைதான் சோறு போட்டது. வெர்னா பள்ளிக்கூடம் முடித்த கையோடு அங்கே தையல் பிரிவில் சேர்ந்தாள். கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் வேலை. விரல் வேகம், கண் கூர்மை. பக்கத்து மெஷினில் ஐரீன் இருந்தாள். ஐரீனுக்கு வாய் ஓயாது, வெர்னாவுக்குக் காது ஓயாது. இருவருக்கும் நன்றாக ஒத்துப்போயிற்று.

அதுவரை கால்டர் என்றால் பாதிரியார்களும் பல் டாக்டர்களும் ஓட்டுகிற கார். அறுபத்து நாலில் கம்பெனிக்கு என்ன தோன்றியதோ, சின்ன உடம்பில் பெரிய இன்ஜினைப் பொருத்தி 'மார்ஷல்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. கார் பத்திரிகை ஒன்றின் அட்டையில் சிவப்பு மார்ஷல் பின்சக்கரம் புகைய நின்றது. உள்ளே அதன் வேகத்தைப் பற்றி நாலு பக்கம். அதைப் படித்துவிட்டு நாடு முழுக்க வாலிபர்கள் கால்டர் கடைகளில் வரிசையில் நின்றார்கள். மார்லோவில் எல்லோருக்கும் கூடுதல் வேலை நேரம் கிடைத்தது. புது வீடுகள் எழும்பின. முடிவெட்டும் கடைக்காரன்கூட கால்டர் சட்டை மாட்டிக்கொண்டு திரிந்தான்.

வெர்னாவும் ஒரு மார்ஷல் வாங்கினாள், நீல நிறம். வாங்குவதற்கு முன் ஒரே ஒருவனிடம் யோசனை கேட்டாள். அவன் டெல்மர் கோம்ப்ஸ். இன்ஜின் பிரிவில் வேலை. அவனும் கென்டக்கி மலைக்காரன், அதிகம் பேசாதவன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயம் முடிந்ததும் அவளை வீடுவரை கொண்டுவந்து விடுகிற அளவுக்குப் பழக்கம்.

"பத்திரிகைல போட்டிருக்கானே, அதே இன்ஜின்தானா கடைல விக்கறதும்?" என்று கேட்டாள்.

"அதே இன்ஜின்தான்."

"சத்தியமா?"

"இன்ஜின் பிரிவுல இருக்கறவன்கிட்டயே கேக்கற. அப்புறம் எதுக்கு சத்தியம்?"

சனிக்கிழமை சாயங்காலம் டெட்ராய்ட்டின் உட்வர்ட் சாலையில் சிவப்பு விளக்குக்கு விளக்கு கார்கள் பந்தயம் விடும். வெர்னா அங்கே போனாள். நன்றாகத்தான் ஓட்டினாள். ஆனாலும் பத்திரிகை சொன்ன வேகத்தின் பக்கத்தில்கூட அவள் வண்டி வரவில்லை. தோற்கடித்தவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "கியர் போடத் தெரியலியா செல்லம்? அண்ணன வந்து ஓட்டச் சொல்லு!" என்று கத்திவிட்டுப் போனார்கள். டெல்மரும், "கிளட்ச்ச கொஞ்சம் சீக்கிரம் விடற" என்றான். அவள் கிளட்ச்சை மாற்றி மாற்றி விட்டுப் பார்த்தாள். வண்டி அப்படியேதான் ஓடியது. அப்போதுதான் அவளுக்குள் அந்தப் பழைய தராசு ஆடத் தொடங்கியது.

அந்தக் கோடையில் தொழிலாளர் குடும்ப விழாவைக் கம்பெனியின் சோதனை ஓடுபாதையிலேயே வைத்தார்கள். பத்திரிகையில் வந்த அதே சிவப்புக் காரையும் படம் எடுக்கக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். காரோடு கூடவே டெல்மரும் நின்றான். இவன் ஏன் அங்கே நிற்கிறான் என்று வெர்னாவுக்கு உறுத்தியது. இன்ஜின் பிரிவில் எத்தனையோ பேர் இருக்க, இவன் மட்டும் எதற்கு?

புகைப்படக்காரனின் ஸ்டாண்டு இடித்து ஓட்டுநர் இருக்கையின் தையல் விட்டுப்போனது. "தையல் பிரிவுல யாராச்சும் இருக்கீங்களா?" என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். ஐரீன் எழுவதற்குள் வெர்னா போய்விட்டாள். கைப்பையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்து நாலு தையல் போட்டாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சாவி வண்டியிலேயே தொங்கியது.

"தையல் நிக்குதான்னு உக்காந்து பாத்துடறேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்தி, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயேவிட்டாள்.

ஓடுபாதையில் ஒரே சுற்றுதான். முதல் நேர்பாதையிலேயே முதுகு இருக்கைக்குள் புதைந்தது. இரண்டாவது கியரில் அவள் நீல வண்டி மூச்சுவாங்குமே, அந்த இடத்தில் இது இன்னும் கையை உதறிக்கொண்டு பாய்ந்தது. திரும்பி வந்து நிறுத்தினபோது மேலாளர்கள் நாலைந்து பேர் ஓடிவந்து கத்தினார்கள். அது எதுவும் அவள் காதில் விழவில்லை. நேரே டெல்மரிடம் போனாள்.

"இது என் கார் இல்ல."

"உன் கார் நீலம்" என்றான் டெல்மர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"விளையாடாத. இதுல இருக்கறது வேற இன்ஜின். பெருசு. நீ போட்டியா?"

அவன் காது மடல் இரண்டும் சிவந்துபோயின. அது போதும் அவளுக்கு.

அதற்கப்புறம் ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. தேவாலயத்தில் அவன் உட்கார்ந்த வரிசைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்தாள். ஒரு சனிக்கிழமை காலை அவனாகவே கருவிப்பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். ஆர்வில் கதவைத் திறந்து, "அவ ஒன்ன சுட்டாலும் நான் பொறுப்பில்ல" என்றார். வேகம் கூடட்டும் என்று டெல்மர் அன்று முழுக்க அவள் வண்டியின் வயிற்றைப் பிரித்து வேலை செய்தான். பொழுது சாய்கிற நேரம் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"அந்தப் பெரிய இன்ஜின நான்தான் சேத்தேன். வெளிய பாத்தா ஒண்ணு போலவே இருக்கணும்னு மேல இருந்து சொன்னாங்க. பத்திரிகைக்காரங்களுக்கு அதான் குடுத்தோம். இனிமே உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன், வெர்னா."

"அதையும் பாத்துக்கறேன்" என்றாள்.

அந்த இலையுதிர் காலத்தில் அவர்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள். டெல்மர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அவளிடம் ஒருநாளும் பொய் சொல்லவில்லை. பொய் சொல்ல வேண்டிய இடம் வந்தால் வாயை மூடிக்கொள்வான். அந்த மௌனங்களை மோப்பம் பிடிப்பதே வெர்னாவுக்குப் பாதிக் குடித்தனமாகப் போயிற்று.

அடுத்த சில வருடங்கள் கால்டருக்குக் கொண்டாட்டம். உட்வர்ட் சாலையில் கால்டர் சத்தம் கேட்டால் மற்ற வண்டிகள் ஒதுங்கும். பிறகு இன்சூரன்ஸ்காரர்கள் வேகக் கார்களுக்குக் கட்டணத்தை ஏற்றி வாலிபர்களின் கழுத்தை நெரித்தார்கள். புகைக்கு அரசாங்கம் சட்டம் போட்டது. பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்து பங்க்குகளில் கார்கள் வால்போல் நீண்டன. இன்ஜின் சுருங்கச் சுருங்க, காரின் பக்கவாட்டில் ஒட்டும் வண்ணப் பட்டை பெரிதாகிக்கொண்டே போனது. வெர்னாவின் மெஷினுக்கு வரும் துணி மெல்லியதானது, அடியில் வைக்கும் பஞ்சும் இளைத்தது. "மாவுல தண்ணி கலக்கற மாதிரி கலக்கறானுங்கடி" என்பாள் ஐரீனிடம். "உனக்கு எதப் பாத்தாலும் சந்தேகம்" என்பாள் ஐரீன்.

எழுபத்து ஏழில் பக்கத்து வீட்டு ஹோமர் பிளெட்சோ கால்டர் வாங்கினார். ஹோமர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், மனைவியை இழந்தவர், பழைய சுரங்கத்துக்காரர். ஆர்விலோடு ஒரே குழியில் வெட்டியவர் என்பதால் வெர்னாவுக்குச் சித்தப்பா மாதிரி. அவர் வாங்கும் முன் டெல்மரிடம்தான் கேட்டார். "கால்டரே வாங்குங்க. இன்ஜின் எங்க கைல செஞ்சது. கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்" என்று டெல்மரே சொல்லியிருந்தான்.

ஒரு நாள் மத்தியானம் ஹோமர் கையில் அறுந்த ஃபேன் பெல்ட்டோடும், பெட்டி பிரித்த புது பெல்ட்டோடும் வந்து நின்றார்.

"டெல்மர், ஒரு வேடிக்கையப் பாரேன். கால்டர் பெல்ட்டுன்னு கேட்டு வாங்கினேன். சேரல. கடைக்காரன் வண்டியத் தொறந்து பாத்துட்டு சிரிக்கறான். 'பெரியவரே, இது பென்டன் இன்ஜின்'ங்கறான். கிறுக்கனா இருப்பானோ?"

பென்டன் என்பது அதே முதலாளிகளின் இன்னொரு கார். கால்டரைவிட மலிவு, ஊரில் யாரும் மதிக்காத வண்டி. டெல்மர் ஹோமரின் கார் முன்மூடியைத் திறந்தான். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு, கைக்குழந்தை தூங்குகிற தொட்டிலை மூடுவதுபோல் மெதுவாக மூடினான்.

"இது நாங்க செஞ்சதில்ல" என்றான். வீட்டுக்குள் போய்விட்டான். அன்று மேஜையில் வைத்த பீன்ஸும் சோள ரொட்டியும் ஆறிப்போயின.

வெர்னா விடவில்லை. "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது."

அவன் சொன்னது நிஜம்தான் என்று காது மடலைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். ஆனால் அவள் கணக்கு வேறு பக்கம் ஓடியது. "உங்க பிரிவுல ஒரு ஷிஃப்ட்ட நிறுத்தி வருசம் ஆச்சு. எங்க பிரிவுல தைக்கற சீட்டு கொறயல. வண்டி அதே அளவு வெளிய போவுது. அப்ப இன்ஜின் எங்கேருந்து வருது?"

"கேக்காத, வெர்னா."

"ஏன் கேக்கக் கூடாது?"

அவன் எழுந்து பின்வாசல் பக்கம் போனான். மௌனம். அந்த மௌனம் இதுவரை பார்த்த மௌனங்கள் போல இல்லை என்று மட்டும் அவளுக்குப் பட்டது.

அவன் கேட்காதே என்றால் அவள் ஊருக்கே கேட்பாள். மறுநாளே கேன்டீனில், ஹோமரின் பெல்ட் கதையை அத்தனை மேஜைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். சிலர் சிரித்தார்கள். சிலர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். யூனியன் பிரதிநிதி லூ மாலினோஸ்கி அவள் தோளைத் தட்டி, "வெர்னா, நாம நிக்கற கிளைய நாமளே வெட்டக் கூடாது. கொஞ்சம் வாய கட்டு" என்றான்.

இரண்டு மாதத்தில் குண்டு வெடித்தது. மாநில அரசு கம்பெனி மேல் வழக்குப் போட்டது. கால்டர் என்று சொல்லி பென்டன் இன்ஜினை விற்றதாகக் குற்றச்சாட்டு. ரயிலில் இன்ஜின்கள் எந்தப் பக்கத்து வாசல் வழியாக வந்து இறங்கின, எந்தக் கொட்டகையில் அவற்றுக்குக் கால்டர் நிறம் அடித்தார்கள் என்பதுவரை செய்தித்தாளில் வந்துவிட்டது. உள்ளே வேலை செய்கிற ஒருவர் சொல்லாமல் இவ்வளவு தெரிய வழியில்லை.

மார்லோ ஊரே அந்த ஒருவரைத் தேடியது. காபி குடிக்கும்போது தேடினார்கள், தேவாலயத்தில் பாட்டுப் பாடிக்கொண்டே தேடினார்கள். அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. கேன்டீனில் எல்லோர் முன்னாலும் பெல்ட் கதை சொன்னவள் இருக்கிறாளே!

ஐரீன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வேறு மேஜைக்குப் போய்விட்டாள். வெர்னா நுழைந்தால் பேச்சு நிற்கும். ஒரு நாள் வண்டியின் நாலு சக்கரத்திலும் காற்று இல்லை. இன்னொரு நாள் லாக்கரைத் திறந்தால் செத்த எலி. கழுத்தில் கால்டர் அட்டை ஒன்றைக் கட்டியிருந்தார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து கோட்டு போட்ட இருவர் வந்து அவளை அறைக்குள் உட்காரவைத்துக் குடைந்தார்கள். அவளுக்குத்தான் உண்மையிலேயே ஒன்றும் தெரியாதே. எந்தக் கொட்டகை, எந்த வாசல் என்றே தெரியாதவளிடம் என்ன கிடைக்கும்? வெறுங்கையோடு போனார்கள். ஆனால் ஊர் கைவிடவில்லை.

"நீயாடி சொன்ன? எங்கிட்டயாவது நெசத்த சொல்லு" என்றாள் ஐரீன், கழிவறையில் தனியே கிடைத்தபோது.

"நானா இருந்தா பேரு போட்டு சொல்லியிருப்பேன்."

"ஆமா... நீ அப்பிடித்தான் சொல்லுவ" என்று ஐரீன் இழுத்தாள். அந்த 'ஆமா'வில் நம்பிக்கை இல்லை.

இத்தனைக்கும் நடுவில் டெல்மர் வியாழக்கிழமை மத்தியானங்களில் மீன் பிடிக்கப் போனான். அப்போது அவனுக்குக் காலை ஷிஃப்ட். முடிந்ததும் தூண்டிலை எடுத்துப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு போவான். இருட்டுவதற்குள் திரும்புவான். மீன் வராது. சரி, ஏரியில் மீன் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். பூட்ஸ் ஏன் காய்ந்திருக்கிறது? புழு டப்பாவின் மூடிகூடத் திறக்காமல் இருக்கிறதே, அது ஏன்? மீன் பிடிக்கப் போகிறவன் இஸ்திரி போட்ட சட்டை எதற்குப் போடுகிறான்?

"இன்னிக்கு என்ன மாட்டுச்சு?" என்று கேட்பாள்.

"ஒண்ணும் மாட்டல" என்பான். அதுவும் பொய் இல்லை.

ஊர் தன்னைச் சந்தேகப்படுகிறது என்ற வேதனையைவிட, தன் வீட்டுக்காரன் மேல் தனக்கு வந்த சந்தேகம் அவளை அதிகம் அரித்தது. சட்டைக் காலரை முகர்ந்து பார்த்தாள். காபி வாசனை, இலவங்கப்பட்டை வாசனை. இலவங்கப்பட்டை போட்டு எவள் இவனுக்குப் பலகாரம் செய்கிறாள்?

அடுத்த வியாழக்கிழமை தொழிற்சாலையில் உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டு ஹோமரின் காரைக் கேட்டாள்.

"எங்கம்மா போற?"

"மீன் பிடிக்க."

ஹோமர் அவள் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் சாவியைக் கொடுத்தார்.

ஏரிக்குத் திரும்பும் சாலையை டெல்மர் தாண்டிப் போனான். அடுத்த மாவட்டத்து எல்லையில், லாரிக்காரர்கள் நிறுத்துகிற ஒரு சாப்பாட்டுக் கடை முன்னால் நிறுத்தினான். வெர்னா சற்றுத் தள்ளி வண்டியைப் போட்டுவிட்டுக் கண்ணாடி வழியே பார்த்தாள். மூலை மேஜையில் ஒரு பெண். முப்பது வயதுகூட இருக்காது. சாம்பல் நிறக் கோட்டு, அழகாக வெட்டிய முடி. டெல்மர் தொப்பியைக் கழற்றிவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தான்.

வெர்னாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு போய், அவன் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"யாரு இது?"

அந்தப் பெண் திடுக்கிட்டு, "நீங்க...?" என்றாள்.

"நான் இவர் பொண்டாட்டி. நீ எவ?"

டெல்மர் தலையைத் தேய்த்துக்கொண்டான். "வெர்னா, சத்தம் போடாத. இவங்க மிஸ் ஆப்ராம்ஸ். மாநில அரசோட வக்கீல். ஆப்பிள் பை சாப்பிடறியா? இங்க நல்லா இருக்கும்."

இலவங்கப்பட்டை வாசனை மேஜையில் ஏற்கெனவே இருந்த ஆப்பிள் பலகாரத் தட்டிலிருந்துதான் வந்தது. வெர்னாவுக்கு எல்லாம் விளங்க அரை நிமிடம் ஆயிற்று. முதலில் பெரிய ஆறுதல். அதன் முதுகிலேயே நெருப்பு மாதிரி கோபம்.

"நீயா? ரயிலு, கொட்டகை, பெயின்ட்டு... எல்லாத்தையும் சொன்னது நீயா?"

"ஆமா."

"என் லாக்கர்ல எலி கெடந்துச்சு, டெல்மர்! ஊரே என் மேல காறித் துப்புது. நீ எதிர உக்காந்து ரொட்டி தின்னுக்கிட்டு இருந்த!"

வக்கீல் பெண் எழுந்து, "நான் காபி வாங்கிட்டு வரேன்" என்று நாசூக்காக நழுவினாள்.

டெல்மர் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "உன்கிட்ட சொல்லியிருந்தா, அந்தக் கோட்டுக்காரனுங்க கேட்டப்ப நீ பொய் சொல்லியிருக்கணும். உன் மூஞ்சில பொய் நிக்காது. உனக்குத் தெரியாதுங்கறதாலதான் அவனுங்க உன்ன விட்டானுங்க."

"சரி. எதுக்குச் சொன்ன? அதச் சொல்லு. நீயே ஒரு காலத்துல இன்ஜின மாத்திப் போட்டவன்தானே?"

"அதனாலதான்" என்றான். "ஹோமர்கிட்ட கண்ண மூடிக்கிட்டு வாங்குங்கன்னு சொன்னேன் வெர்னா. அந்த மனுசன் பெல்ட்ட கைல வச்சுக்கிட்டு, கடைக்காரன கிறுக்கன்னு சொல்றாரு. என்ன சந்தேகப்படவே இல்ல. அத என்னால தாங்க முடியல. அன்னிக்கப்புறம்தான் வடக்கு வாசல் பக்கம் போய் நின்னு எல்லாத்தையும் பாத்தேன்."

அவள் அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்து மிச்சமிருந்த பலகாரத்தைத் தின்றாள்.

"நாளைக்கே யூனியன் ஹால்ல எழுந்து சொல்லிடறேன்" என்றான் டெல்மர்.

"சொல்லி? உன்ன சும்மா விடுவானுங்களா? வேலையும் போகும், இந்த மாநிலத்துல எந்தக் கார் கம்பெனி வாசல்லயும் நிக்க விடமாட்டானுங்க. என்ன ஏற்கெனவே கொடஞ்சு பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னு போயாச்சு. எலியயும் நான் தூக்கிப் போட்டாச்சு. வாய மூடிக்கிட்டு இரு. அதுதான் உனக்கு நல்லா வருமே."

அவனுக்குக் கண் கலங்கியதைப் பார்த்தும் அவள் பார்க்காததுபோல் இருந்தாள். கோபம் அன்றோடு தீரவில்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும், உப்பு டப்பாவை எடுத்துக் கொடு என்பதற்கு மேல் அவனிடம் அவள் ஏதும் கேட்டதில்லை. ஆனால் தொழிற்சாலையில், "நீதானே சொன்ன?" என்று யாராவது சீண்டினால், "இருக்கலாம். உனக்கென்ன இப்ப?" என்று நிமிர்ந்து பதில் சொல்ல ஆரம்பித்தாள். சந்தேகம் அதோடு உறுதியாகிவிட்டது. உண்மையானவனைத் தேடுவதை ஊர் நிறுத்திவிட்டது. அவளுக்கு வேண்டியதும் அதுதான்.

வழக்கை கம்பெனி பேசி முடித்துக்கொண்டது. இன்ஜின் மாறிப்போனவர்களுக்கு நஷ்டஈடு, வேண்டுமானால் மாற்று வண்டி. ஹோமர் மாற்றிக்கொள்ளவில்லை. "நல்லாத்தானே ஓடுது, விடு" என்று அதையே துருப்பிடித்து உதிரும்வரை ஓட்டினார்.

கால்டர் பெயரில் விழுந்த கறை மட்டும் போகவில்லை. கடைக்கு வருகிறவர்கள் கதவைத் திறப்பதற்கு முன் முன்மூடியைத் திறந்து, "இதுல இருக்கறது யாரோட இன்ஜின்?" என்று கேட்டுச் சிரித்தார்கள். கொஞ்ச காலத்தில் கம்பெனி ஒளிக்கவும் இல்லை. வெளிப்படையாகவே பென்டன் உடம்புக்குக் கால்டர் மூக்கை ஒட்டி விற்றது. வெர்னா தைத்த உறை இரண்டு காருக்கும் ஒன்றே. பெயர்த் துண்டு மட்டும் வேறு. எட்டு சிலிண்டர் இன்ஜின் பிரிவை இழுத்துப் பூட்டியபோது டெல்மரைப் பெயின்ட் பிரிவுக்கு மாற்றினார்கள். இருவரும் முழு வேலைக்காலமும் முடித்து, தொப்பியும் கைக்கடிகாரமும் வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றார்கள். லூவும் ஐரீனும் விடைபெறும் விருந்துக்கு வரவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதில், அமெரிக்கக் கார் கம்பெனிகளெல்லாம் ஆட்டம் கண்ட அந்த வருடம், கால்டரை மூடப்போவதாகத் தலைமை நிறுவனம் அறிவித்தது. யூனியன் ஹாலில் ஓய்வு பெற்றவர்களுக்குக் காலை விருந்து வைத்தார்கள். அதற்கு வெர்னாவும் டெல்மரும் போனார்கள். லூ மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு சக்கர நாற்காலியில் இருந்தான். அப்பமும் சாஸேஜும் சாப்பிட்டு முடிந்ததும் யாரோ பழைய மார்ஷல் பேச்சை எடுத்தார்கள். லூ வெர்னா பக்கம் திரும்பினான்.

"எல்லாம் நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு. அன்னிக்கு நீ மட்டும் வாய கட்டியிருந்தேன்னா, இன்னிக்கு நம்ம பேரன்லாம் அங்க வேல பாத்துக்கிட்டு இருப்பான்."

வெர்னா காபிக் கோப்பையைத் தூக்கினாள். அவளுக்குப் பழகிவிட்டது. பக்கத்தில் நாற்காலி தள்ளும் சத்தம். டெல்மர் எழுந்து நின்றிருந்தான்.

"அது வெர்னா இல்ல. நான்தான்."

பின்மேஜையில் ஒருவர் காது மெஷினைத் திருகிக்கொண்டார்.

"நான்தான் வக்கீல்கிட்ட சொன்னேன். வடக்கு வாசல், பெயின்ட் கொட்டகை எல்லாம் நான்தான் சொன்னேன். இவளுக்கு எதுவும் தெரியாது. இவ்வளவு வருசம் என் பழிய இவ சொமந்தா."

பிறகு ஐரீன் கிளுக்கென்று சிரித்துவிட்டாள். லூவின் முகம் இளகியது.

"உக்காருடா டெல்மர்" என்றான் பிரியமாக. "பொண்டாட்டிக்காக இந்த வயசுல இவ்வளவு பெரிய பொய்யா? நல்ல மனுசன்டா நீ."

"பொய் இல்ல, லூ! எல்லைகிட்ட ஒரு சாப்பாட்டுக் கடை இருந்துச்சே, அங்கதான்..."

"எல்லாம் அவ சொல்லிக் குடுத்திருப்பா. நீயாவது, வாயத் தொறக்கறதாவது! முப்பது வருசம் உன்கூட வேல பாத்திருக்கேன். 'உப்பு வேணும்'னுகூட நீ கேட்டதில்ல."

ஹால் முழுக்கச் சிரிப்பு. யாரோ கை தட்டினார்கள். தொடர்ந்து எல்லோரும் தட்டினார்கள். டெல்மர் திறந்த வாயோடு நின்றான். வெர்னா அவன் கோட்டு முனையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் வெர்னாதான் ஓட்டினாள். அவர்கள் சிரித்ததைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. அவளை வேறொன்று குடைந்தது. இவன் ஏன் இன்றைக்குச் சொன்னான்? முப்பது வருடம் சொல்லாதவனுக்கு இன்றைக்கு என்ன அவசரம்?

"போன வாரம் டாக்டர்கிட்ட போனியே. எந்த டாக்டர்?"

"கண் டாக்டர்கிட்டயும் போனேன்."

"'கண் டாக்டர்கிட்டயும்'னா?"

அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். காது மடல் சிவந்திருந்தது. அவள் அடுத்த திருப்பத்தில் வீட்டுப் பக்கம் போகாமல் ஆஸ்பத்திரிப் பக்கம் வண்டியைத் திருப்பினாள்.

"வெர்னா, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை."

"அவசரப் பிரிவு ஞாயித்துக்கிழமையும் தொறந்துதான் இருக்கும். இறங்கறவரைக்கும் வாயத் தொறக்காத. இறங்கினதும் எல்லாத்தையும் தொற."

இதயத்தில் ஒரு வால்வு கிட்டத்தட்ட மூடிப்போயிருந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள். டெல்மர் போகாமல் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறான். பிழைக்க மாட்டோம் என்று நினைத்து, அதற்குள் அவள் பெயரைத் துடைத்துவிட்டுப் போகலாம் என்று பார்த்திருக்கிறான். அந்த வாரமே ஆபரேஷன் நடந்தது. விழித்ததும் முதலில் அவள் முகத்தைத்தான் பார்த்தான். "திட்டறதுக்கு டாக்டர் நேரம் சொல்லியிருக்காரு. கொஞ்சம் தேறட்டும்னாரு" என்றாள்.

அதற்குப் பிறகு அவன் பல வருடம் இருந்தான். உப்பில்லாச் சாப்பாட்டைப் பற்றிப் புலம்பிக்கொண்டும், இந்த முறை உண்மையாகவே மீன் பிடித்துக்கொண்டும் இருந்தான்.

ஆபரேஷன் நடந்த வருடக் கோடையில் ஒரு நாள் ஐரீன் பீச் பழப் பை ஒன்றைச் செய்து எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் இந்த வீட்டு வாசலை மிதித்துப் பல காலம் ஆகியிருந்தது. டெல்மர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கிடந்தான். ஐரீன் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏண்டி, நெசமாவே அவனா?"

"அவன்தான் எழுந்து நின்னு சொன்னானே."

"சொன்னான். ஆனா நீ ஒண்ணும் சொல்லலியே."

"நான் எது சொன்னா நீ நம்பின?"

"நான்தான் ஐரீன்" என்றான் டெல்மர், கண்ணைத் திறக்காமல். "பைல இலவங்கப்பட்டை போட்டியா?"

ஐரீன் அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு துண்டு வெட்டி அவனுக்குக் கொடுத்தாள், ஒரு துண்டு தனக்கு எடுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் வாரத்துக்கு ஒருமுறையாவது வந்துகொண்டுதான் இருந்தாள். வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு சாக்கில் அந்தப் பேச்சை எடுப்பாள். கடைசிவரை அவளுக்கு அந்தச் சந்தேகம் முழுசாகத் தீரவில்லை.